மண்டல எண் ஏறினாலும் கறிவேப்பிலைக்கு யன்னலோரம்தான்

கனடிய அரசின் இயற்கை வளத் துறை 2025இல் தாவரங்களுக்கான புதிய குளிர்தாங்கு மண்டல வரைபடத்தை வெளியிட்டது. அதற்கு முன்னரே, 2023 நவம்பரில், அமெரிக்க வேளாண் துறை தன்னுடைய வரைபடத்தைப் புதுப்பித்திருந்தது. இரண்டிலும் பல ஊர்களின் எண் அரைப்படியோ ஒரு படியோ ஏறியிருக்கிறது. ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பின்வளவுத் தோட்டம் வைத்திருப்பவருக்கு இதைப் படித்ததும் சில கேள்விகள் எழுவது இயல்பு. இனித் தக்காளியை ஏப்ரலிலேயே நடலாமா? கறிவேப்பிலையை நிலத்தில் இறக்கிவிடலாமா? குளிர் குறைந்துவிட்டது என்று அரசாங்கமே சொல்லிவிட்டதே?

இரண்டுக்கும் விடை ‘கூடாது’ என்பதுதான். வரைபடத்தில் பிழை ஏதுமில்லை. அது அளப்பது ஒன்று, நாம் கேட்பது வேறொன்று. குளிர்நாட்டு வளவில் ஒரு செடியின் வாழ்க்கையைப் பல கடிகாரங்கள் நடத்துகின்றன. மண்டல எண் அவற்றில் ஒன்றைத்தான் படித்துச் சொல்கிறது.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது

அமெரிக்க முறை எளிமையானது. ஓர் இடத்தில் ஆண்டுதோறும் பதிவாகும் மிகக் குளிரான இரவின் வெப்பநிலையை எடுத்து, 30 ஆண்டுகளுக்குச் சராசரி காண்கிறார்கள். அந்தச் சராசரியைக் கொண்டு நாட்டை 13 மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு மண்டலத்தின் அகலம் 10 பாகை ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 5.6 பாகை செல்சியஸ். ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டு பாதியாகிறது. 6ஆம் மண்டலம் என்றால் சராசரிக் கடுங்குளிர் இரவு மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடையில் வரும். 7 என்றால் மைனஸ் 18க்கும் மைனஸ் 12க்கும் இடையில். 2023 வரைபடம் 1991 முதல் 2020 வரையான பதிவுகளைக் கொண்டது. முந்தைய 2012 வரைபடத்தோடு ஒப்பிட்டால் அமெரிக்க நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதி அரை மண்டலம் மேலே போயிருக்கிறது.

கனடாவின் முறை வேறு. 1967இல் வெளியான முதல் வரைபடத்திலிருந்தே இங்கே ஏழு காரணிகளைக் கூட்டித்தான் எண் வருகிறது: மிகக் குளிரான மாதத்தின் சராசரிக் குறைந்த வெப்பநிலை, உறைபனி இல்லாத நாட்கள், ஜூன் முதல் நவம்பர் வரையான மழை, மிக வெப்பமான மாதத்தின் சராசரி உச்ச வெப்பநிலை, ஜனவரி மழை, பனிப் படுகையின் ஆழம், காற்றின் உச்ச வேகம். கனடாக் குளிர்காலத்தை ஒருமுறை பார்த்தவருக்குக்கூட இது நியாயமான பட்டியலாகப் படும். ஆனால் இதனால் ஒரு சிக்கலும் வருகிறது. நாற்றுக்கடையில் செடியோடு கட்டியிருக்கும் சீட்டில் இருக்கும் எண் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கில் வந்தது. நம்முடைய ஊருக்கு அரசாங்கம் சொல்லும் எண் கனடியக் கணக்கு. இரண்டும் ஒரே 6 என்று எழுதப்பட்டிருந்தாலும் ஒரே 6 இல்லை.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டும் சராசரிகளைக் கொண்டவை. கடுங்குளிர் இரவின் சராசரி மைனஸ் 18 என்றால், ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அதைவிடக் குளிரான ஓர் இரவாவது வரும். செடி சராசரியில் சாவதில்லை, ஒரு குறிப்பிட்ட இரவில் சாகிறது.

குளிர் செடியைக் கொல்லும் மூன்று வழிகள்

‘குளிர் தாங்காது’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நடப்பது மூன்று வெவ்வேறு காயங்கள்.

1. குளிர்ச்சிக் காயம். தண்ணீர் உறைவதற்கு வெகு முன்னரே, 10 பாகைக்குக் கீழே போனதும் வெப்பமண்டலச் செடிகளின் உயிரணுச் சவ்வுகள் இறுகத் தொடங்குகின்றன. குளிர்ந்த சமையல் எண்ணெய் கட்டிபிடிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். கத்தரி, வெண்டி, பாகல், கறிவேப்பிலை எல்லாம் இந்த வகை. உறைபனியே படாத ஒரு 6 பாகை இரவுக்குப் பிறகு வெண்டிக்கன்று பல நாட்களுக்கு வளராமல் முறைத்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

2. உறைபனிக் காயம். பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே. பழக்கப்படாத இலையில் உயிரணுக்களுக்குள்ளேயே பனிக்கட்டி உருவாகி அவற்றைக் கிழிக்கிறது. மறுநாள் வெயில் ஏறியதும் தக்காளி இலை அவித்த கீரையைப் போலக் கறுத்துத் தொங்கும்.

3. ஆழ்குளிர்க் காயம். ஆப்பிள், பீச், ரோஜா போன்ற, குளிருக்குப் பழகிய மரஞ்செடிகளுக்கு மட்டும் உரியது. அவை மைனஸ் 10, மைனஸ் 15 எல்லாவற்றையும் கடந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மொட்டும், பின்பு தண்டும் சாகும்.

மண்டல எண் பேசுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதைப் பற்றி. நம் காய்கறிகளின் சிக்கல் முதல் இரண்டில்தான் இருக்கிறது. ரொறன்ரோவின் எண் 6 ஆனாலும் 7 ஆனாலும் வெண்டிக்காய்க்கு அதில் சொல்வதற்கு எதுவும் இல்லை.

பழகுவதற்கு வாரங்கள், மறப்பதற்கு நாட்கள்

ஜூலையில் ஓர் ஆப்பிள் கிளையை மைனஸ் 5இல் வைத்தால் அது செத்துவிடும். அதே கிளை ஜனவரியில் மைனஸ் 25ஐத் தாங்குகிறது. இடையில் நடப்பதற்குப் ‘பதப்படுதல்’ என்று பெயர் வைக்கலாம். ஓகஸ்ட் இறுதியில் பகல் சுருங்கி, இரவும் குளிரத் தொடங்கியதும் மரம் வளர்ச்சியை நிறுத்துகிறது. குளிர் இரவுகள் வரவர, உயிரணுக்களில் சர்க்கரையும் சில காப்புப் புரதங்களும் சேர்கின்றன, சவ்வின் கொழுப்பு மாறுகிறது. உயிரணுவிலிருந்து தண்ணீர் வெளியே கசிந்து இடைவெளிகளில் உறைகிறது. உள்ளே மிஞ்சுவது கெட்டியான பாகு. அது எளிதில் உறையாது. செப்டம்பரில் நைட்ரஜன் உரம் போட வேண்டாம் என்று தோட்டக்காரர்கள் சொல்வதும் இதற்காகத்தான்: புதிய தளிர் பதப்பட நேரம் இல்லாமல் மாட்டிக்கொள்ளும்.

இந்தப் பதம் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. இழப்பதற்குச் சில வெப்ப நாட்கள் போதும். குளிர்காலம் மிதமாகும்போது ஆபத்து குறைவதற்குப் பதில் இடம் மாறுவது இங்கேதான்.

2012 மார்ச்சில் ஒன்ராறியோவில் கோடை போல வெயில் அடித்தது. ஆப்பிள் மரங்கள் வாரக்கணக்கில் முந்திக்கொண்டு மொட்டவிழ்த்தன. ஏப்ரலில் வழக்கமான உறைபனி வழக்கம் போலவே வந்தது. மாகாணத்தின் ஆப்பிள் விளைச்சலில் ஏறக்குறைய 80 சதவீதம் போயிற்று. 2024 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒக்கனாகன் பள்ளத்தாக்கில் வேறு விதமாக நடந்தது. டிசம்பர் மிதமாக இருந்ததால் திராட்சைக் கொடிகள் முழுப் பதத்துக்கு வரவில்லை. ஜனவரி நடுவில் வெப்பநிலை சட்டென்று மைனஸ் 25 அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு வைன் திராட்சை அறுவடை அநேகமாக முழுவதும் போனது, பீச்சும் செர்ரியும் அதோடு போயின. எந்த மண்டல வரைபடமும் இந்த இரண்டையும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. முதலாவதில் குளிர் வழக்கமானதுதான், வெயில் வழக்கமற்றது. இரண்டாவதில் குளிரின் அளவோடு அது வந்த விதமும் சேர்ந்து கொன்றது.

நயாகராவில் பீச் பழம் விளைவதற்குக் காரணமும் இந்தக் கணக்குத்தான். ஒன்ராறியோ ஏரி இளவேனிலில் மெதுவாகத்தான் சூடாகிறது. அதன் குளிர்காற்று கரையோர மரங்களை அவசரப்பட்டுப் பூக்க விடாமல் தடுத்து, கடைசி உறைபனி போன பிறகே அனுமதிக்கிறது. இலையுதிர் காலத்தில் அதே ஏரி கோடையின் சூட்டைத் தேக்கி வைத்து, முதல் உறைபனியைத் தள்ளிப்போடுகிறது.

விக்ரோரியா தினக் கணக்கு

காய்கறி நடுபவருக்கு வேண்டியது உறைபனித் தேதி. மே 25க்கு முன் வரும் திங்கட்கிழமை விக்ரோரியா தினம். அந்த வார இறுதிக்குப் பிறகுதான் தக்காளி, மிளகாய், கத்தரியை வெளியே நடுவது என்பது தென் ஒன்ராறியோவின் பழைய வழக்கம். நகரத்துக்குள் உறைபனி இல்லாத காலம் ஏறத்தாழ மே நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை, 5 மாதம் அளவில். ஏரியை விட்டு வடக்கே போகப் போக அது சுருங்கும்.

வானிலை அறிக்கை 3 பாகை என்று சொன்ன இரவிலும் உறைபனி விழலாம். அந்த அளவை எடுக்கும் வெப்பமானி நிலத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலமும் இலையும் தங்கள் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழக்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது, கீழே தங்கும். விடியும்போது புல் நுனியில் மட்டும் வெள்ளைப் பூச்சு. வளவின் பள்ளமான மூலையில் நட்டது கருகியிருக்க, சுவரோரம் நட்டது தப்பியிருக்கும். பழைய படுக்கை விரிப்பு ஒன்றை மாலையில் செடிமேல் போர்த்திவிட்டால் இந்த இழப்பு பெருமளவு நின்றுவிடும். பிளாஸ்டிக் தாள் அந்த அளவுக்கு உதவாது, இலையைத் தொடும் இடத்தில் கருக்கும்.

உறைபனி போனாலும் மண் சூடாக வேண்டும். தக்காளி வேருக்கு 15 பாகையாவது தேவை. வெண்டி, பாகல் விதைகள் 20க்கு மேல் போனால்தான் ஒழுங்காக முளைக்கும், அதற்குக் கீழே ஈர மண்ணில் அழுகிவிடும். அதனால்தான் மே மாதத்தில் நட்டவரும் ஜூன் முதல் வாரத்தில் நட்டவரும் ஓகஸ்டில் ஒரே நேரத்தில் காய் பறிக்கிறார்கள். முந்தியவருக்குக் கிடைத்தது மனநிறைவு மட்டும்.

அவரை ஏன் பூப்பதில்லை

குளிரோடு தொடர்பே இல்லாத ஒரு கடிகாரமும் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை விதை போட்டவர்கள் பலரும் கண்டிருப்பார்கள்: கொடி வேலியை மூடி, பக்கத்து வீட்டு வேலியையும் மூடும், ஆனால் பூவே வராது. செப்டம்பர் இறுதியில் திடீரென்று பூங்கொத்துகள் தள்ளும். பிஞ்சு திரளும்போது உறைபனி வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கும். சிறகவரைக்கும் இதே கதி.

உரமோ மண்ணோ காரணம் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். ரொறன்ரோவில் ஜூன் இறுதிப் பகல் 15 மணி நேரத்துக்கு மேல், டிசம்பர் இறுதிப் பகல் 9 மணி நேரம். அவரையின் பழைய வகைகள் பகல் 12 மணி நேரம் அளவுக்குக் குறையும்வரை பூக்கக் காத்திருக்கின்றன. இங்கே அந்தப் பகல் வருவது செப்டம்பர் 20ஐ ஒட்டி. பாகலில் விளைவு இவ்வளவு கடுமை இல்லை, ஆனால் நீண்ட பகலில் ஆண் பூக்கள் கூடும், பெண் பூக்கள் பிந்தும்.

புவி எவ்வளவு சூடானாலும் இந்தப் பகல் கணக்கு நகராது. அது பூமியின் சாய்வில் எழுதப்பட்டது. மண்டலம் 7ஆக இருந்தாலும் 8ஆக இருந்தாலும் ஊர் அவரை செப்டம்பரில்தான் பூக்கும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடியவரை வகையை வாங்கி நடுவதே வழி. இந்த விளக்கத்தை விதை விற்பவர்கள் பொட்டலத்தில் அச்சிட்டால் எத்தனையோ பேரின் ஒரு கோடை மிஞ்சும்.

குளிர் வேண்டும் செடிகள்

எதிர்ப்பக்கமும் உண்டு. உள்ளிப் பூண்டை ஒக்டோபரில் ஊன்றி அடுத்த ஜூலையில் பிடுங்குகிறோம். குளிர்கால மாதங்கள் இல்லாவிட்டால் அது பல்லாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். ஆப்பிளுக்குப் பூச்சியத்துக்குச் சற்று மேலான குளிர் பல நூறு மணி நேரம், வகையைப் பொறுத்து 1,000 மணி நேரம் வரை, கிடைத்தாக வேண்டும். தூலிப் கிழங்கும் குளிரில் கிடந்தால்தான் பூக்கும். மேப்பிள் பாகு வடிவதற்கு இரவு உறைய வேண்டும், பகல் உருக வேண்டும். அந்த ஊசலாட்டம்தான் மரத்துக்குள் சாற்றைத் தள்ளுகிறது. ஏறக்குறைய 40 லீற்றர் சாறு காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு.

இவை அனைத்துக்கும் போர்வை வெண்பனி. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. வெளியே மைனஸ் 20 இருக்கும்போது, அரை மீட்டர் பனிக்கு அடியில் மண் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். பனியில்லாத மிதமான குளிர்காலம் பல்லாண்டுச் செடிகளுக்குப் பனி நிறைந்த கடுங்குளிரைவிடக் கொடியது. வெற்று மண் பகலில் இளகி இரவில் இறுகி, புதிதாக நட்ட செடியை வேரோடு மேலே உந்தித் தள்ளும். வைக்கோலோ சருகோ போடுவது இதைத் தடுக்கத்தான். அதை மண் உறைந்த பிறகு போட வேண்டும்: சூட்டைக் காப்பது நம் நோக்கம் இல்லை, மண் ஒரே நிலையில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். போர்வைக்கு ஒரு விலையும் உண்டு. பனிக்கடியில் சுரங்கம் போட்டு வரும் வயல் எலிகள் இளம் மரத்தின் பட்டையைச் சுற்றிக் கொறித்துவிட்டால், பனி உருகும்போதுதான் தெரியவரும்.

வளவின் மற்றக் குடிகள்

சருகை வாரிக் கட்டி வாசலில் வைத்துவிட்டால் தோட்டம் சுத்தமாகிவிடும். கூடவே பலரின் வீடும் போய்விடும். பம்பிள் தேனீயின் இராணி மண்ணுக்குள் தனியாகக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. பல அந்துப்பூச்சிகள் சருகோடு சருகாகக் கூடுகட்டிக் கிடக்கின்றன. ஒன்ராறியோக் காடுகளில் காட்டுத்தவளை (wood frog) சருகுக்கடியிலேயே உறைந்து விடுகிறது: உடல் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை பனிக்கட்டியாகும், இதயம் நிற்கும், ஈரலிலிருந்து பாயும் குளுக்கோஸ் உயிரணுக்களைக் காக்கும், இளவேனிலில் உருகித் துள்ளிப் போகும். ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்ரோரி பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தத் தவளையைத்தான். ஆப்பிள் கிளையின் உத்தியும் தவளையின் உத்தியும் ஒன்றே: உயிரணுவுக்கு வெளியே உறையட்டும், உள்ளே பாகாகட்டும்.

வேலியோரம் மஞ்சளாகப் பூத்துக் காய்ந்த கோல்டன்ரொட் தண்டில் கோலிக்குண்டு அளவு வீக்கம் ஒன்றைக் காணலாம். உள்ளே ஒரு ஈயின் புழு, உடம்பில் கிளிசரோலைச் சேர்த்துக்கொண்டு மைனஸ் 20இலும் கிடக்கிறது. இலையுதிர் காலத்திலேயே அது வெளியேறும் வழியைத் தோலளவு மட்டும் விட்டுக் குடைந்து வைத்துவிடுகிறது, ஏனென்றால் இளவேனிலில் ஈயாக மாறும்போது கடிக்க வாய் இருக்காது. வீக்கத்தில் துளை இருந்தால் புழு போய்விட்டது. துளை சிறியதாக, ஒழுங்காக இருந்தால் சின்ன மரங்கொத்தியின் வேலை. பிய்த்துப் போட்டது போல இருந்தால் சிக்கடி. கையளவுகூட இல்லாத அந்தக் குருவி இரவில் தன் உடல் சூட்டைப் பல பாகை குறைத்துக்கொண்டு ஜனவரியைக் கடக்கிறது. காய்ந்த தண்டுகளை ஒக்டோபரில் வெட்டி எறிவது அதன் சாப்பாட்டை எறிவது.

மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்குக் குளிரைத் தாங்கும் உத்தி ஏதும் இல்லை, அதனால் போய்விடுகிறது. எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்க ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தைச் சேர்ந்த பிரெட் உர்க்கார்ட்டும் மனைவி நோராவும் பல பத்தாண்டுகள் சிறகில் சீட்டு ஒட்டித் தேடினார்கள். 1975 ஜனவரியில் அவர்களுக்காகத் தேடிய கென் பிரகரும் கற்றலீனா அகுவாடோவும் மெக்சிக்கோ மலைக்காடு ஒன்றில் மரம் மரமாகத் தொங்கும் கூட்டத்தைக் கண்டார்கள். மொனார்க் முட்டையிடுவது மில்க்வீட் செடியில் மட்டும். அது நம் எருக்கின் உறவு, கிள்ளினால் அதே பால். ஒன்ராறியோ 2014வரை அதைக் களைப் பட்டியலில் வைத்திருந்தது. விதையை இலையுதிர் காலத்தில் தூவிவிட வேண்டும். ஈரக் குளிரில் சில வாரம் கிடக்காமல் அது நன்றாக முளைக்காது.

எண்ணை எப்போது எடுப்பது

மரமும் பல்லாண்டுச் செடியும் வாங்கும்போது மட்டும். அப்போதும் மூன்று திருத்தங்கள் தேவை.

1. சீட்டில் உள்ள எண் எந்த நாட்டுக் கணக்கு என்று கேளுங்கள். விலையுயர்ந்த மரமானால் உங்கள் எண்ணைவிட ஒரு மண்டலம் கூடக் குளிர் தாங்குவதையே வாங்குங்கள். புதிய வரைபடம் தரும் அரைப்படியைச் செலவழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

2. வேர் தண்டைப் போலக் குளிர் தாங்காது. நிலத்தில் பிழைக்கும் செடி பூச்சாடியில் பிழைக்காமல் போகலாம். சாடியில் வைப்பதாயின் உங்கள் எண்ணிலிருந்து இரண்டு மண்டலம் கழித்துக்கொள்வது தோட்டக்காரர் வழக்கம்.

3. வளவுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. தெற்குப் பார்த்த செங்கல் சுவரோரம் அத்திமரத்தைப் போர்த்திக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலிக்கு அப்பால் அதே மரம் போய்விடும்.

கறிவேப்பிலைக்கு இந்த மூன்றும் பொருந்தாது. இரவு 12 பாகைக்கு இறங்கத் தொடங்கும் செப்டம்பர் நடுவில் சாடியை உள்ளே எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். செதில் பூச்சியும் சிலந்திப் பேனும் கூடவே குடிவந்தால் பிப்ரவரியில் இலையெல்லாம் பிசுபிசுக்கும். உள்ளே வந்து சில வாரங்களில் இலை கொட்டும். பயந்து தண்ணீர் ஊற்றுவதால்தான் பெரும்பாலான செடிகள் சாகின்றன. வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்காது, குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அழுகும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். மார்ச்சில் நுனியை வெட்டிவிட்டால் பக்கத் தளிர் வரும். ஜூன் முதல் வாரத்தில் வெளியே வைக்கும்போது முதல் ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலையை நேர் வெயில் ஒரே பிற்பகலில் வெளுத்துவிடும்.